‘சதை வச்சிருக்குடி’ என்றேன்

சுங்குவார்சத்திரம் ஹாஸ்டலில் என் அறைத்தோழி ஜெனிபர். பருத்துவிடுவோமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்கும் நோய் அவளுக்கு. வேலையை விடாமல், வாரந்தோறும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சிகிச்சை பெற்று வந்தாள். கம்பெனி கேன்டீனில் அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை நான்தான் துணைக்கு உட்காருவேன்.

ஒருநாள் என் வாய் சும்மா இருக்கவில்லை. “கன்னத்துல சதை வச்சிருக்குடி, இப்பதான் பாக்க லட்சணமா இருக்க!” என்றேன். எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

தயிர்சாதத்தில் வைத்த அவள் கை அப்படியே நின்றது. எழுந்து போய்விடுவாள் என்றே நினைத்தேன்.

“அக்கா, அதைச் சொல்லாதீங்க, உள்ள இறங்காது. வேற ஏதாச்சும் பேசுங்க” என்றாள்.

ஹாஸ்டல் தண்ணீர் மோட்டார் புகைந்த கதையை உளறினேன். அழுதுகொண்டே, ஒவ்வொரு வாயாகத் தட்டைக் காலி செய்தாள்.

அவ்வளவு தைரியமாக ஒருவர் சாப்பிட்டு நான் பார்த்ததேயில்லை.