பின்னுக்கு எறிகிறவன்

ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் ஞானசேகரத்தின் மகன் நிருஜன் இருபத்தொரு வயது வரைக்கும் எந்த விளையாட்டிலும் எதையும் வென்றதில்லை. தமிழர் விளையாட்டு விழாவில் ஓட்டத்துக்கு அவனைச் சேர்க்கமாட்டார்கள். கயிறிழுத்தலுக்கு மட்டும் கூப்பிடுவார்கள். அதுவும் கயிற்றின் கடைசி நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்கிற ஆளாக. தொண்ணூற்றாறு கிலோ. அவன் இழுக்க வேண்டியதில்லை, நின்றாலே போதும். அந்தத் தொண்ணூற்றாறு கிலோவையும் தன் கையால் ஆக்கிப் போட்டு வளர்த்தவள் தாய் மனோகரி என்பதால், யாராவது குண்டு என்றால் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும். "குண்டு இல்லை, தேகக்கட்டு" என்பாள்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை, ஸ்டோவ்னர் கடைத்தொகுதி வாசலில் ஒரு மேசை போட்டு, நாலைந்து தலைக்கவசங்களை அடுக்கி வைத்துக்கொண்டு வேய்ன் என்றொரு அமெரிக்கர் நின்றார். ஒரு நோர்வேக்காரியைக் காதலித்து ஒஸ்லோவுக்கு வந்தவர். காதல் முடிந்தபிறகும் ஊருக்குத் திரும்ப வெட்கப்பட்டு, இங்கேயே அமெரிக்கன் ஃபுட்போல் கழகம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். ஆள் பிடிப்பதுதான் அவருடைய பெரிய வேலை. தாய் சொல்லியனுப்பிய கோழியை வாங்கிக்கொண்டு வெளியே வந்த நிருஜனை அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"நீ ஒரு விளையாட்டு வீரன்" என்றார்.

நிருஜன் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான். ஒருவரும் இல்லை.

அந்த ஒரு வசனத்தோடு அவன் விழுந்துவிட்டான். அடுத்த கிழமையே தோள்கவசமும் தலைக்கவசமும் அடைத்த பெரிய பையோடு ட்ரெனிங்குக்குப் போகத் தொடங்கினான். டி-பானே ரயிலில் அந்தப் பைக்கு ஒரு இருக்கை, அவனுக்கு ஒன்றரை. தெரிந்த தமிழ்ச்சனம் யாராவது ஏறி, "என்ன தம்பி, ஊருக்கோ?" என்று கேட்டால், "இல்லை, ட்ரெனிங்குக்கு" என்று குரலைக் கொஞ்சம் தாழ்த்திச் சொல்வான். பெரிய வீரர்கள் அப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள் என்று எங்கோ கேட்டிருந்தான்.

விளையாட்டைப் படிப்பதற்கு முன்னமே அதன் மனநிலையை அவன் முழுசாகப் படித்துவிட்டான். வேய்ன் கொடுத்த குறுந்தட்டில் ஒருவர் முக்கால் மணித்தியாலம் கத்துவார்: வலி என்பது பலவீனம் உடம்பை விட்டு வெளியேறுவது, வெற்றியாளன் தூங்கமாட்டான், மாற்றுத்திட்டம் வைத்திருக்கிறவன் தோற்கத் தயாராகிறவன். நிருஜன் அதை நாளுக்கு இரண்டு தரம் கேட்டான். கண்ணாடிக்கு மேலே 'அமெரிக்கா 2008' என்று எழுதி ஒட்டினான். காலை ஐந்தரைக்கு எழும்பி எட்டு முட்டை அவித்துச் சாப்பிட்டான். தன்னைப் பற்றி வேறொருவரைப் போலப் பேசவும் பழகிக்கொண்டான்.

"நிருஜன் பின்வாங்கிறேல்லை" என்பான் சாப்பாட்டு மேசையில்.

"நிருஜன் கோப்பையைக் கழுவுறதும் இல்லை" என்பாள் தங்கை துஷ்யா. அவள் மருந்தாளர் படிப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தவள், நாக்கில் கத்தி வைத்திருக்கிறவள்.

பொறியியல் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டேன் என்று அவன் அறிவித்தபோது ஞானசேகரம் தபால் நிலைய வேலையால் அப்போதுதான் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் அதிகம் கதைக்கிற ஆள் அல்ல.

"ஏன்?"

"ரெண்டாவது திட்டம் எண்டு ஒண்டு இருந்தால் முதல் திட்டம் தோத்துப்போகும், அப்பா."

"சரி. முதல் திட்டம் என்ன?"

"அமெரிக்காவில தொழில்முறை வீரன் ஆகிறது."

ஞானசேகரம் மற்றச் சப்பாத்தையும் கழற்றி ஒழுங்காக வைத்தார். "சாப்பாட்டைப் போடு" என்று மனைவிக்குச் சொன்னார். அவ்வளவுதான். அந்த மௌனத்தை நிருஜன் எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டான். எதிர்ப்பு இல்லாமல் எவனும் பெரியாள் ஆனதில்லை என்று குறுந்தட்டு சொல்லியிருந்தது.

ஆனால் மைதானத்தில் ஒரு சின்னப் பிரச்சினை இருந்தது. அவனுக்கு விளையாட வரவில்லை. எதிராளியைப் பிடித்து விழுத்துகிற இடத்தில் விட்டார்கள். எதிராளிகள் அவனைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள், அவன் திரும்பி முடிப்பதற்குள் அவர்கள் கோட்டைத் தாண்டியிருந்தார்கள். முன்வரிசையில் தடுக்கிற இடத்தில் விட்டார்கள். அங்கே நூற்றுமுப்பது கிலோ நோர்வேக்காரன் ஒருவன் முதல் நாளே அவன் மேல் உட்கார்ந்துவிட்டான். பந்தைப் பிடிக்கிற இடத்தில் விடவில்லை. அந்த அளவுக்கு வேய்னுக்கும் நம்பிக்கை கிடையாது.

கடைசியில் தற்செயலாகத்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. இந்த விளையாட்டில் சில நேரம் பந்தை எடுத்து எட்ட உதைக்க வேண்டி வரும். உதைக்கிறவன் பதினைந்து யார் தூரம் பின்னால் நிற்பான். முன்னால் ஒருவன் முதுகை மடித்துக் குனிந்து, தன் இரண்டு காலுக்கும் இடையால் பார்த்து, பந்தை அவனுடைய கைக்கு எறிய வேண்டும். ஒரு செக்கன் கூட எடுக்கக் கூடாது. மற்றவர்கள் எறிந்தால் பந்து புல்லில் உருண்டது, இல்லை மரத்துக்குப் போனது. நிருஜன் எறிந்தது நேரே போய் உதைக்கிறவனின் கையில் உட்கார்ந்தது. இன்னொரு தரம். திரும்பவும் கைக்குள். பத்துக்குப் பத்து.

வேய்ன் அவனைத் தோளில் பிடித்துத் தனியே கூட்டிப்போனார். அமெரிக்காவில் ஒவ்வொரு அணியிலும் இதற்கென்றே ஒரு ஆள் இருக்கிறான் என்றார். வேறொன்றும் செய்யமாட்டான். ஒரு ஆட்டத்தில் பத்துத் தரம் குனிவான். நாற்பது வயது வரைக்கும் விளையாடலாம். அவனுக்கும் வீடு, கார், எல்லாம் உண்டு.

நிருஜனுக்கு உலகம் தெளிவாகிவிட்டது. கடவுள் அவனை ஓடப் படைக்கவில்லை, பிடிக்கப் படைக்கவில்லை, குனிந்து பின்னுக்கு எறியப் படைத்திருக்கிறார். வீட்டு ஹோலில் மெத்தையைச் சுவரோடு சாத்திவைத்து நாளுக்கு இருநூறு தரம் எறிந்தான். வாசலால் வருகிறவர்களுக்கு முதலில் தெரிவது அவனுடைய பின்பக்கம்தான். மனோகரியின் சிநேகிதி சிவநாயகி ஒருநாள் கோயில் பிரசாதத்தோடு வந்து, கதவைத் திறந்து, அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் மணி அடித்துவிட்டு மறுபடி வந்தாள்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு கடைசியில் ஜெர்மனியில் ஒரு சின்ன நகரத்து மூன்றாம் பிரிவு அணி அவனை எடுத்தது. ஒப்பந்தம் ஒரு பக்கம். இறைச்சிக் கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு சைக்கிள், கைச்செலவு. பகலில் அணிக்கு ஆதரவு தரும் பானக் கடையில் போத்தல் பெட்டி அடுக்க வேண்டும். நிருஜன் இதில் 'தொழில்முறை' என்ற சொல்லை மட்டும் வாசித்தான்.

அவன் புறப்படுமுன் ஒஸ்லோவில் தைப்பொங்கல் விழாவில் அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். விளையாட்டுக் கழகத் தலைவர் ஜெயரத்தினம், இத்தனை வருடமாக அவனைக் கயிற்றின் நுனியில் கட்டி வைத்தவர், ஒலிவாங்கியைப் பிடித்தார். "எங்கடை மண்ணின்ரை மைந்தன், நாளைக்கு உலகக் கிண்ணத்திலை கோல் அடிக்கப் போறான்" என்றார். மண்டபம் கைதட்டியது. அது வேறு விளையாட்டு என்று நிருஜன் திருத்தவில்லை. கைதட்டல் எந்த விளையாட்டுக்கு விழுந்தாலும் சத்தம் ஒன்றுதான்.

ஜெர்மனியில் அவன் ஒழுங்காக எறிந்தான், இது உண்மை. ஒரு பருவம் முழுக்க ஒரு பந்தும் பிசகவில்லை. அதனால் அவன் பெயர் ஒருவருக்கும் தெரியாது. பந்தோடு ஓடுகிறவன் பெயரை ஒலிபெருக்கியில் கத்துவார்கள், உதைக்கிறவன் பெயரைச் சொல்வார்கள், பந்து பொறுக்குகிறவர்களுக்குக்கூட ஒருநாள் நன்றி சொன்னார்கள். நடுவில் குனிந்து நின்றவனைப் பற்றிக் கதையே இல்லை. நிருஜன் இதைப் பக்குவம் என்று நினைத்துக்கொண்டான். ஒஸ்லோவுக்குத் தொலைபேசி எடுத்து, "புகழ் எனக்கு முக்கியமில்லை, அம்மா" என்பான். பிறகு, "இஞ்சத்தைப் பேப்பரிலை என்ரை படம் வந்தது, முதுகுதான் தெரியும், ஆனால் நான்தான்" என்பான்.

இரண்டாயிரத்து ஏழு வசந்தத்தில் அவனுக்கு ஒரு கடிதம் வந்தது. ஐரோப்பாவில் அமெரிக்கக்காரர் நடத்திவந்த பெரிய லீக்கின் தேர்வு முகாமுக்கு இலையுதிர் காலத்தில் வரச்சொல்லி. அங்கே தேறினால் அடுத்தது அமெரிக்கா. அந்தக் கடிதத்தை அவன் ஏழு பேருக்கு நகல் எடுத்து அனுப்பினான். வேய்ன் அழுதுவிட்டார். ஞானசேகரம் லீவு போட்டார். ஜூன் மாதம் குடும்பம் மூன்று பேரும் இடியப்பப் பெட்டியோடு ஜெர்மனிக்கு வந்து இறங்கினார்கள்.

ஆட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு. முந்நூற்றுச் சொச்சம் பேர். கடைசி இரண்டு நிமிடம், நிருஜனின் அணி நாலு புள்ளி முன்னால். பந்தை எட்ட உதைத்துவிட்டால் வெற்றி. நிருஜன் ஓடிவந்து குனிந்தான். காலுக்கு இடையால் பார்த்தபோது, உதைக்கிறவனுக்கும் பின்னால், வேலியோரம், தலைகீழாகத் தாய் தெரிந்தாள். சிவப்புச் சேலையும், மேலே தகப்பனின் மழைக்கோட்டும். கையசைத்தாள். அந்த நேரத்தில் அவனுக்குத் தோன்றியது, இந்த ஒன்றை மட்டும் கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் வடிவாக எறிய வேண்டும் என்று.

பந்து உதைக்கிறவனின் தலைக்கு மேலே, அவன் எகிறித் தூக்கிய கைக்கும் மேலே, ஒரு பறவை போலப் போனது. எதிரணிக்காரன் ஒருவன் பின்னால் ஓடி, கோட்டுக்கு அப்பால் அதன் மேல் விழுந்தான், அதற்கு ஆறு புள்ளி. ஆட்டம் போய்விட்டது.

மைதானம் அப்படியே அடங்கியது. அந்த அமைதியில் ஒரேயொரு ஆள் கைதட்டுகிற சத்தம் கேட்டது. மனோகரி. அன்றைக்கு எறிந்ததிலேயே அதுதான் ஆக உயரத்துக்குப் போனது என்று அவளுக்கு அவ்வளவு சந்தோசம்.

ஒலிபெருக்கி முதல்தடவையாக அவன் பெயரைச் சொன்னது. 'நீருட்சான்' என்று சொன்னது. முந்நூறு பேரும் அதைத் திருப்பிச் சொன்னார்கள், மரியாதையாக அல்ல.

பிறகு இறைச்சிக் கடை அறையில் நாலு பேரும் கட்டிலிலும் கதிரையிலுமாக இருந்து இடியப்பம் சாப்பிட்டார்கள். நிருஜன் பிசைந்துகொண்டே இருந்தான்.

"ஏன் மோனை முகம் இப்படி? நல்லாத்தானே எறிஞ்சனீ?" என்றாள் மனோகரி.

"அம்மா, அது பிழைச்சுப்போச்சு. அந்தப் பந்தாலைதான் தோத்தனாங்கள்."

அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. சொதியை இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். "நாலு வருசமா இதைத்தான் பழகினனியோ?" என்று மெதுவாகக் கேட்டாள். குத்திக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். துஷ்யாவுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. அன்றைக்கு அவளும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் நிருஜனை இன்னும் கூடச் சுட்டது.

ஒரு கிழமைக்குள் இன்னொன்று. அமெரிக்கக்காரர் ஐரோப்பிய லீக்கையே மூடிவிட்டார்கள். நட்டமாம். தேர்வு முகாமும் இல்லை, ஒன்றுமில்லை. நிருஜன் குறுந்தட்டைப் போட்டுக் கேட்டான். தோல்வி என்பது வெற்றியின் ஆசிரியர் என்று அந்த மனிதர் கத்தினார். லீக்கே மூடினால் என்ன செய்வது என்று அதில் எங்கும் சொல்லியிருக்கவில்லை. முன்னும் பின்னும் ஓடவிட்டுத் தேடிப் பார்த்தான்.

இன்னும் ஒரு பருவம் இருந்து பார்த்தான். பிறகு அந்த ஊர் பேக்கரிக்காரரின் மகன் ஒருவன் காலுக்கு இடையால் எறியப் பழகிவிட்டான். அவனுக்கு அறையும் வேண்டாம், சைக்கிளும் வேண்டாம், ஆட்டத்துக்கு வரும்போது பாண் வேறு கொண்டுவருவான். நிருஜன் இரண்டாயிரத்து எட்டு இலையுதிர் காலத்தில் ஒஸ்லோ திரும்பினான். தகப்பன் ஒரு கேள்வியும் கேட்காமல் பொறியியல் கல்லூரி விண்ணப்பத்தை மேசையில் வைத்திருந்தார். நிருஜன் அதை நிரப்பினான். பகுதி நேரமாக லில்லெஸ்ட்ரோமில் ஒரு உடற்பயிற்சி நிலையத்தில் ஆள் சேர்க்கிற வேலை. வாசலில் நின்று வருகிறவர்களை மேலும் கீழும் பார்த்து, "நீங்கள் ஒரு விளையாட்டு வீரர்" என்பான். பத்தில் மூன்று பேர் திரும்பிப் பின்னால் பார்ப்பார்கள்.

அடுத்த வருடம் ஜெயரத்தினம் அவனைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பேசக் கூப்பிட்டார். பிள்ளைகளுக்கு இலட்சியம் வேண்டும், தகுதியான ஆள் நீதான் என்றார். சுவரொட்டியில் 'முன்னாள் தொழில்முறை வீரர்' என்று போட்டிருந்தது. நிருஜன் அரை மணி நேரம் பேசினான்: வலி, பலவீனம், வெற்றியாளன் தூங்கமாட்டான். பெற்றோர் பின்வரிசையில் தலையாட்டினார்கள். மருத்துவபீடத்துக்கு வேண்டிய புள்ளிகள்தான் அவர்கள் கண்ணில் ஓடிக்கொண்டிருந்தன.

கேள்வி நேரத்தில் ஜெனிதா என்ற பன்னிரண்டு வயதுப் பிள்ளை கையை உயர்த்தியது.

"அண்ணா, நீங்கள் ஒருக்காலும் பந்தோடை முன்னுக்கு ஓடேல்லையோ?"

"இல்லை."

"அப்ப ஏன் விளையாடினீங்கள்?"

குறுந்தட்டில் இதற்குப் பதில் இல்லை.

"குனிஞ்சு பந்திலை கை வைச்சால் எல்லாரும் அப்பிடியே நிப்பினம்" என்றான். "ரெண்டு பக்கமும் சேர்த்து இருபத்தொரு பேர், பாக்கிற சனம், எல்லாரும். நான் அசையுமட்டும் ஒண்டும் நடக்காது. அந்த ஒரு செக்கன் எனக்குப் பிடிக்கும்."

அந்தப் பிள்ளை தலையாட்டியது, விளங்கின மாதிரி. அதற்குள் ஜெயரத்தினம் ஒலிவாங்கியை வாங்கிவிட்டார். "அண்ணா என்ன சொல்றார் எண்டால், கவனம்! சோதினையிலை கவனம்!" என்றார். பின்வரிசை பலமாகக் கைதட்டியது.

தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுக்கும்போது ஜெயரத்தினம் அவனை ஒரு பக்கமாகக் கூட்டிப்போனார். "நல்லாப் பேசினாய் தம்பி. வாற வருசமும் வா. ஆனால் கடைசியிலை சொன்னியே, அந்த நிண்டுகொண்டு இருக்கிற கதை, அது வேண்டாம். பிள்ளையள் குழம்பிப் போவினம். அதுக்குப் பதிலா டொக்டர், இஞ்சினியர் எண்டு ஏதும் சேர்த்துச் சொல்லு."

நிருஜன் ரோல்ஸை மென்றுகொண்டு யோசித்தான்.

"ஓம் அங்கிள்" என்றான். "சொல்லலாம். சுவரொட்டியிலை படமும் போடுவீங்களோ?"

"போடுவம், போடுவம். நல்ல படம் ஒண்டு அனுப்பு."

வீட்டுக்கு வந்து அவன் பெட்டி முழுக்கக் கொட்டித் தேடினான். இரண்டரை வருடத்துப் படங்களில் முகம் தெரிகிறது ஒன்றுகூட இல்லை.