முப்பதாவது மாடி மாங்கனி

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு அவமானம், உங்களுக்குக் கோபம்.

சாமிக்கு இறைக்க வேண்டிய மாம்பழத்தை நான்தான் தின்றேன். அதுவும் முள்கரண்டியால் குத்தி... மடியில் வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு!

இறைக்க வேண்டியதை இரையாக்கிக்கொண்டேன். ஓர் எழுத்துதான் மாறியது. பள்ளியில் இந்த ரகர றகரக் குழப்பத்துக்காகத் தமிழய்யா என் தலையில் குட்டிக்கொண்டே இருப்பார். இன்னும் கொஞ்சம் பலமாகக் குட்டியிருக்கலாம்.

நீங்கள் வெளியூராக இருந்தால் இதில் என்ன பெரிய குற்றம் என்று கேட்பீர்கள். காரைக்காலில் ஆனி மாதம் மாங்கனித் திருவிழா. சாமி வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளில் நின்று கூடை கூடையாக மாம்பழம் இறைப்பார்கள். பிள்ளை வரம் கேட்டுக் கிடைத்தவர்கள் மேலே; கேட்டுக்கொண்டிருப்பவர்கள் கீழே, முந்தானையை ஏந்தியபடி. விழுகிற பழத்தைப் பிடித்துத் தின்றால் கீழே நின்றவள் ஒருநாள் மாடிக்கு வருவாள் என்பது நம்பிக்கை.

என் மனைவி கலைவாணி வருடக்கணக்காகக் கீழே நின்றவள். ஒருமுறை பழம் தோளில் விழுந்து வீங்கிப்போய், ஒத்தடம் கொடுத்தேன். "வலிக்கிதா?" என்றேன். "புடிக்க முடியலையேன்னுதான் வலிக்கிது" என்றாள்.

பிறகு மதி பிறந்தாள். பெற்ற அப்பன் கையால் முதல் பழத்தை இறைக்க வைப்பதாகக் கலை ஏற்கெனவே வேண்டிக்கொண்டிருந்தாள். அப்பன் என்றால் நான். கை என்றால் இதோ, இப்போது எழுதிக்கொண்டிருக்கிறதே, இந்தக் கை!

அந்த ஆனியில்தான் மும்பையிலிருந்து அழைப்பு வந்தது. நெரவியில் பம்ப்செட் கடை வைத்திருக்கிறேன். நன்றாக விற்றுக்கொடுத்த டீலர்களுக்குக் கம்பெனி ஏற்பாடு செய்த உபசாரம்: வானளாவிய கட்டடத்தில் நட்சத்திர ஓட்டல், ஆளுக்கொரு அறை. தேதியைப் பார்த்தேன். மாங்கனி இறைக்கும் அதே நாள்.

வர முடியாவிட்டால் பரவாயில்லை என்றுதான் கம்பெனிக்காரர் சொன்னார். "போகலைன்னா டீலர்ஷிப்பையே புடுங்கிடுவாங்களாம் கலை" என்று நான் வீட்டில் சொன்னேன். ஏன் சொன்னேன்? குளியல் தொட்டிக்காக! கம்பெனி அனுப்பிய படத்தில் ஒரு தொட்டி இருந்தது. அதில் கழுத்துவரை கிடந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. வாய்க்காலில் எருமை கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவன்... வேறு என்ன ஆசை வரும்?

கலை இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"அங்கேருந்தே எறிங்க. சாமிக்குப் பம்பாயி வேற, காரைக்கா வேறயா? நம்ம ஊரு பக்கமாப் பார்த்து, பெத்தவரு கையால ஒரு பழம். சாமி நம்ம தெருவுக்கு வரையில நான் போன் போடுறேன்."

அறை முப்பதாவது மாடியில். லிஃப்ட்டில் அறைச் சாவி அட்டையைக் காட்டினால்தான் அது நகரும் என்பது எனக்குத் தெரியாது. கதவு சாத்திய பெட்டிக்குள் நெடுநேரம் பணிவாக நின்றிருந்தேன். யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஏறி அட்டையைக் காட்டினார். அவருடைய மாடிக்கு அவரோடு போய், அவரோடே இறங்கி, அவர் அறை வாசல்வரை போனேன். அவர் திரும்பிப் பார்த்தார். நான் வணக்கம் சொன்னேன்.

ஒருவழியாக என் அறைக்கு வந்தால், படுக்கைக்கும் குளியலறைக்கும் நடுவில் சுவரே இல்லை, கண்ணாடி! தனி ஆள்தான் என்றாலும் என்னையே நான் எப்படிப் பார்ப்பது? கைலியை எடுத்துக் குறுக்கே கட்டினேன். பிறகு தொட்டி. கழுத்துவரை கிடந்தேன். எருமை சரியான காரணத்தோடுதான் கிடக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மேசையில் பழத்தட்டு இருந்தது. அதில் ஒரே ஒரு மாம்பழம். வெள்ளை வலைச்சட்டை போட்டு, பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குக் கிளம்பிய பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தது. சாமியே அனுப்பிவைத்தார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அதை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். தாழ்ப்பாள் இல்லை. கைப்பிடி இல்லை. தரையிலிருந்து கூரைவரை ஒரே கண்ணாடி. கீழே கார்கள் எறும்பாக ஊர்ந்தன.

வரவேற்பறைக்குப் போன் போட்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஜன்னலைத் திறக்க வேண்டும் என்றேன். எதற்கு என்றார்கள். "சாமிக்காக" என்றேன். அறையிலேயே இருக்கச் சொன்னார்கள். நான் மாம்பழத்தைச் சொல்லவில்லை என்பது போனை வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மறுநிமிடம் கோட்டுப் போட்ட ஒருவர் மூச்சிரைக்க வந்து நின்றார். குறுக்கே கட்டியிருந்த கைலியைப் பார்த்தார். முகம் வெளிறியது. எனக்கும் ஜன்னலுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் தீர்வு உண்டு என்று மெதுவான ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தார். குடும்பம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, அதுதான் பிரச்சினை என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்!

அந்த நேரத்தில்தான் கலையின் வீடியோ அழைப்பு வந்தது.

திரையில் காரைக்கால். கலையின் பெரியப்பா வீட்டு மாடி. மேளம், கூச்சல், வெயில். அவள் இடுப்பில் மதி. போனைப் பிடித்திருந்தவன் அவள் தம்பி சரவணன்.

"அத்தான், சாமி வந்துட்டாரு அத்தான்!"

"எறிங்க! என்னங்க, எறிங்க!" என்று கலை கத்தினாள். அவள் கண்ணில் நீர்.

என்ன செய்திருப்பீர்கள் நீங்கள்? ஜன்னல் திறக்காது என்று சொல்லியிருப்பீர்கள். கீழே இறங்கி வாசலில் நின்று எறிகிறேன், பொறு என்று சொல்லியிருப்பீர்கள். அதெல்லாம் புத்தியுள்ளவர்கள் செய்வது.

நான் போனை ஆகாயத்துப் பக்கம் திருப்பினேன். மறு கையை ஓங்கினேன். பழத்தை வீசினேன்... மெத்தைமேல்.

கோட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எறிஞ்சாச்சா?"

"எறிஞ்சாச்சு."

இது பொய்யில்லை. எங்கே எறிந்தேன் என்று அவள் கேட்கவில்லை. அத்தோடு விட்டிருந்தால்கூட ஏதோ ஒரு நரகத்தில் கடைசி வரிசையில் எனக்கு இடம் கிடைத்திருக்கும். ஆனால் அவள் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"யாராச்சும் புடிச்சாங்களாங்க?"

குரலில் அப்படி ஒரு தவிப்பு! கீழே நின்றவளின் தவிப்பு. அதைக் கேட்டதும் என் நாக்கு என்னைக் கேட்காமலே புரண்டது.

"புடிச்சாங்க. ஒரு பொம்பளை... முந்தானையில ஏந்திக்கிட்டாங்க."

"முப்பதாவது மாடிலேருந்து வுழுவுற பழத்தப் புடிச்சா கை இருக்குமா அத்தான்?" என்றான் சரவணன். இவனை யார் பொறியியல் படிக்கச் சொன்னது?

"சும்மா கெடடா! சாமி பழம், பூ மாரி எறங்கும்" என்றாள் அக்கா. இணைப்பு அறுந்தது.

கோட்டுக்காரர் மெத்தையிலிருந்து பழத்தை இரு கைகளாலும் எடுத்தார். வெட்டித் தரட்டுமா என்று, காய்ச்சல்காரனைக் கேட்பதுபோல் கேட்டார். தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? தெரியவில்லை... சற்று நேரத்தில் வெள்ளி மூடிக்குள் அது பூவாக விரிந்து வந்தது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். தின்றேன். எங்கள் திருவிழாக் கதையிலேயே மாம்பழம் தின்கிற கணவன் ஒருவன் உண்டு. அவனாவது சாமி தந்த பழம் என்று தெரியாமல் தின்றான்.

ஊருக்குத் திரும்பினால் நான் பெரிய மனிதன்! "எங்க வூட்டுக்காரரு எறிஞ்ச ஒசரத்துலேருந்து எவரும் எறிஞ்சதில்ல" என்று கலை தெருவெல்லாம் சொல்லியிருந்தாள். கடைக்கு மோட்டார் வாங்க வந்தவர்கள் என் வலது தோளைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடலாம். தள்ள முடியாதது வேறு.

மதிக்கு ஒரு வயதில் காய்ச்சல் அனலாக அடித்தது. கலை கலங்கவில்லை. "நேந்ததை முடிச்சாச்சு. எம்புள்ளைக்கு ஒண்ணும் வராது" என்று ஈரத்துணியை நெற்றியில் போட்டாள். ஆஸ்பத்திரி நாற்காலியில் நடுங்கிக்கொண்டிருந்தவன் நான்தான்! அவளுடைய தைரியம் முழுவதும் ஒரு மெத்தைமேல் கிடந்தது என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

இன்னொன்று, அதைவிட மோசம். வெள்ளிக்கிழமைதோறும் கலை இரண்டு விளக்கு ஏற்றுவாள். ஒன்று மதிக்கு. "இன்னொண்ணு யாருக்கு?" என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

"அந்தப் பம்பாயிக்காரிக்கு. பேருகூடத் தெரியாது, பாவம். நம்ம பழம் அவ வயித்துல நிக்கணும்ல."

நம்ம பழம் யார் வயிற்றில் நின்றது என்பதை அப்போதே சொல்லியிருக்கலாம். பம்பாய்க்காரிக்காக ஏற்றிய விளக்கின் வெளிச்சத்தில் உட்கார்ந்து இட்லி தின்றேன்... வாரந்தோறும்!

அடுத்த ஆண்டிலிருந்து ஒரு மாங்கனிகூடத் தவறவிடவில்லை. கூடை கூடையாக இறைத்தேன். தோள் விட்டுப்போகும்வரை இறைத்தேன். ஆனால் அவள் வேண்டிக்கொண்டது முதல் பழம். இரண்டாவது பழம் எத்தனை எறிந்தாலும் முதல் பழம் ஆகுமா? நீங்களே சொல்லுங்கள்.

இந்த ஆனியிலும் பெரியப்பா வீட்டு மாடியில் நின்றோம். மதி பள்ளித் தோழிகளோடு கைப்பிடிச் சுவரில் தொற்றிக்கொண்டிருந்தாள். சாமி இன்னும் முனை திரும்பவில்லை. கீழே முந்தானைகள். அவற்றையே பார்த்துக்கொண்டிருந்த கலை திடீரென்று சொன்னாள்.

"ஏங்க, அந்தப் பம்பாயிக்காரிக்கும் இந்நேரம் மதி ஒசரத்துல ஒண்ணு இருக்கும்ல?"

எனக்கு என்ன ஆயிற்றோ... வெயிலோ, வயதோ.

"கலை, அப்புடி ஒருத்தியே இல்ல. அந்த ஜன்னலு தொறக்காது. நான் எறியவும் இல்ல. அந்தப் பழத்த நான்தான் தின்னுட்டேன்."

மேளம் அந்த நேரம் பார்த்தா நிற்க வேண்டும்! அவள் கேட்டுவிட்டாள் என்பது கழுத்து விறைத்ததிலேயே தெரிந்தது. திரும்பவில்லை. கையிலிருந்த பழத்தைக் கூடையில் வைத்தாள். முந்தானையில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டாள். அழுவாளா, அறைவாளா, இங்கிருந்து கீழே தள்ளுவாளா... எதற்கும் தயாராகத்தான் நின்றேன்.

கீழே நின்ற பெண்களைப் பார்த்தபடியே கேட்டாள்:

"இனிச்சுதா?"