முப்பத்திரண்டு படிவங்கள்

என் தம்பிக்கு வலது காது கேட்காது. பதினாறு வருடம் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று குண்டு ஏற்றிய காது அது. எங்கே போனாலும் சுவர் வலப்பக்கம் வரும்படி பார்த்து உட்காருவான். படையிலிருந்து வந்தபின் ஒரு கிடங்கில் காவல் வேலை பார்த்தான். பின்னால் நகர்ந்து வந்த லாரியின் மணி அவனுக்குக் கேட்கவில்லை. டிரைவர் பிரேக் போட்டதால் உயிர் தப்பியது, வேலை தப்பவில்லை.

அதற்குப் பிறகுதான் ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு மனுப் போட்டோம். கோப்பு என் பொறுப்பு. நான் படித்தது எட்டாவது வரைதான். ஆனால் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இருபத்தேழு வருடம் விரிப்புகளை எண்ணி அடுக்கிய கை இது. வந்த ஒவ்வொரு உறையிலும் தேதி குறித்து வைத்தேன்.

பதினான்கு மாதம் கழித்து மனு தள்ளுபடியானது. படையை விட்டு வந்த அன்று நிரப்பிய மருத்துவப் படிவத்தில் 'குறை ஏதுமில்லை' என்று இருக்கிறது, கீழே அவன் கையெழுத்தும் இருக்கிறது. குறையில்லாமல் வெளியே போனவனுக்குப் பிறகு காது கெட்டால் அதற்குப் படை பொறுப்பில்லையாம்.

மேல்முறையீடு செய்தோம். அது விசாரணைக்கு வர இன்னும் இரண்டரை வருடம் ஆனது. முன்னாள் படைவீரர் சங்கத்தில் மனு எழுதிக் கொடுப்பவர் ஒரு வழி சொன்னார்.

"அவசரத்துல படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டேன்னு சொல்லச் சொல்லுங்க. ஆபீஸ் ஆள்தான் எழுதியிருப்பான்னு எடுத்துக்குவாங்க. இந்த வருஷம் அஞ்சு பேருக்கு அப்படித்தான் கிடைச்சுது."

படிவத்தில் இருந்தது தம்பியின் எழுத்து. அச்சுக் கோத்தது போல இருக்கும்; படையில் அவனுக்குக் 'குமாஸ்தா' என்றே பெயர். அது அவன் எழுத்து என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

விசாரணைக்குப் பத்து நாள் முன்பு, தம்பியோடு ஒரே பிரிவில் இருந்த சமையல்காரர் ஊன்றுகோலோடு வந்தார். அண்டா தூக்கித் தூக்கி முழங்கால் போனவர். அவர் மனுவும் தள்ளுபடியாகி, மேல்முறையீட்டு விசாரணையும் அதே நாளுக்குக் குறித்திருந்தது.

"அக்கா, உங்களுக்குப் பூதக்கண்ணாடிக் கண்ணுன்னு குமாஸ்தா சொல்லுவான். இதையும் கொஞ்சம் பாருங்க" என்று தன் காகிதங்களை நீட்டினார்.

மூன்றாவது தாள் அவருடைய மருத்துவப் படிவம். 'குறை ஏதுமில்லை.' அதே அச்சு எழுத்து. வரி முடிவில் தம்பி இழுக்கும் சின்னக் கோடும் இருந்தது.

"இதை யாரு எழுதினது?"

தம்பி சுவரைப் பார்த்தான். சமையல்காரர்தான் பதில் சொன்னார்.

"இவன்தான். எங்க முப்பத்திரண்டு பேருக்கும் இவன்தான் எழுதினான். பஸ் வெளியே நின்னுட்டிருந்துச்சு அக்கா. ஒருத்தன் குறை இருக்குன்னு சொன்னாலும் டாக்டர் வந்து பாக்குற வரைக்கும் ஒருத்தரும் கிளம்ப முடியாதுன்னுட்டாரு சார்ஜெண்ட். வீட்டைப் பாத்து ரெண்டு வருஷம் ஆன பயலுங்க. நொண்டிக்கிட்டு நின்ன நானே, எழுதித் தொலைடான்னேன். ஒரு வார்த்தை கேக்காம எழுதினான்."

"கேட்டா நீ முழங்கால் புராணத்தை ஆரம்பிச்சிருப்பே" என்றான் தம்பி.

"ஆரம்பிச்சிருந்தாலும் உன் காதுல விழுந்திருக்கவா போகுது?"

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் போனதும் தம்பியின் இடப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.

"நீ எழுதினதுன்னு தெரிஞ்சா அவருக்கு நல்லது. உனக்குக் கெடுதல். படிக்காமப் போட்டேன்னு அப்புறம் நீ சொல்ல முடியாது."

"தெரியும்கா."

"நாலு வருஷம்டா."

"நானும்தான எண்ணிக்கிட்டிருக்கேன்" என்றான். சமையல்காரர் போன வாசலைக் காட்டி, "அவன் வாயைத் திறந்து கேக்க மாட்டான். கேட்டாத் திட்டி அனுப்பிடலாம்" என்றான்.

மேல்முறையீட்டு அலுவலகம் மூன்றாவது மாடி. கால் போனவர்கள் ஏறி வரும் இடத்தில் லிப்ட் வேலை செய்யவில்லை. சமையல்காரர் ஒவ்வொரு படிக்கும் அந்த லிப்டுக்கு ஒரு வசவு வைத்தார். ஒன்பது மணிக்குப் பெஞ்சில் உட்கார்ந்தோம். தம்பியை அழைத்தபோது மணி இரண்டரை. கோப்போடு நானும் உள்ளே போனேன்.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த தலைவி அம்மாவுக்குச் சளி. கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு எங்களுடையது எத்தனையாவது கோப்போ. தம்பி அனுமதி கேட்டு, இடது காது அவர் பக்கம் வரும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

"இந்தப் படிவத்தைப் படிச்சுப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டீங்களா?"

சங்கத்துக்காரர் எதிர்பார்க்கச் சொன்ன அதே கேள்வி. தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் மடியிலிருந்த கோப்பைப் பார்த்தேன்.

"படிச்சேம்மா. எழுதினதே நான்தான். என்னோடது மட்டுமில்ல, அன்னைக்கு பஸ்ல வந்த முப்பத்திரண்டு பேரோடதும். யாரையும் எந்தக் குறையும் கேக்கல. எழுதி நீட்டினேன், கையெழுத்துப் போட்டாங்க."

தலைவி அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இப்படிச் சொன்னா உங்க கேஸ் என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும்மா."

"அப்புறம் ஏன் சொல்றீங்க?"

"வெளியே பெஞ்சுல ஒருத்தன் உக்காந்திருக்கான். அடுத்த நம்பர் அவனோடது."

அவர் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, அந்த இரண்டு வார்த்தைகளை எழுதிக் காட்டச் சொன்னார். தம்பி எழுதினான், கோடும் இழுத்தான்.

ஏழு வாரம் கழித்து இரண்டு தீர்ப்பும் ஒரே நாளில் வந்தன. சமையல்காரருடையதில், படிவம் வேறொருவரால் விசாரிக்காமல் நிரப்பப்பட்டதால் அதைச் சான்றாகக் கொள்ள முடியாது, புதிதாக மருத்துவப் பரிசோதனை செய்யவேண்டும் என்று இருந்தது. தம்பியுடையதில், மனுதாரர் தம் கைப்படவே அறிந்து எழுதியுள்ளார், மேல்முறையீடு தள்ளுபடி என்று இருந்தது. உறையில் தேதி குறித்தேன். இதற்கு மேலும் ஒரு முறையீடு உண்டு. தொண்ணூறு நாள் கெடு.

சமையல்காரர் தன் தீர்ப்போடு வந்து, தம்பியுடையதையும் வாங்கிப் படித்தார். பிறகு, "உன் கையெழுத்துல இடி விழ" என்றார்.

"விழுந்தாலும் எனக்குக் கேக்காது" என்றான் தம்பி. "மத்த முப்பது பேரும் எங்க இருக்கானுங்கன்னு உனக்குத் தெரியுமா?"

சமையல்காரருக்குப் பதினெட்டுப் பேரின் முகவரி தெரிந்திருந்தது. இருவரும் யோசித்து யோசித்து மேலும் நான்கு பேரைப் பிடித்தார்கள். தம்பி மேஜையில், சுவர் வலப்பக்கம் இருக்க, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுகிறான்: 'உன் படிவத்தை எழுதியது நான். உனக்கு என்ன குறை என்று கேட்காமல் எழுதினேன். இதைக் காட்டி மனுப் போடு.' நகல் எடுத்தால் செல்லாது என்று சங்கத்துக்காரர் சொல்லிவிட்டார். பத்துக் கடிதம் ஆவதற்குள் தம்பிக்கு விரல் வலிக்கிறது. முகவரியைச் சரிபார்த்து உறையை ஒட்டுவது என் வேலை. இன்னும் எட்டுப் பேரின் முகவரி கிடைக்கவில்லை.