தொடாதே அக்கா அனுப்பிய லிங்க்

அந்த லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியில் அவளுக்குப் பெயரே 'தொடாதே அக்கா'தான். மெக்கானிக்குகள் அன்றன்றைய வேலையைத் தெரிந்துகொள்ள கம்பெனிக்கென்றே ஓர் ஆப் உண்டு. பிளே ஸ்டோரில் தலைகீழாக நின்று தேடினாலும் அது கிடைக்காது. புதிதாகச் சேர்கிறவனின் போனை வாங்கி, அவளே தன் கையால் ஏற்றித் தருவாள். தரும்போதே ஆரம்பித்துவிடுவாள்: "எவன் லிங்க் அனுப்பினாலும் தொடாதே. என் பேர்ல வந்தாலும் தொடாதே." ஒருத்தன் போலி லிங்க்கைத் தொட்டுச் சம்பளத்தைப் பறிகொடுத்ததிலிருந்து அவள் வாய் ஓயவே இல்லை.

வினையே அங்கேதான். பழைய ஆப்பின் கெடு அன்றோடு முடிகிறது, புதியதை ஏற்றியாக வேண்டும். ஒவ்வொரு போனாக வாங்கிக்கொண்டிருக்க முடியாது, லிங்க் அனுப்பு என்றார் மேனேஜர். கூடவே ஒரு குண்டையும் தூக்கிப் போட்டார்.

"சாயங்காலத்துக்குள்ள எல்லார் போன்லயும் ஏறணும். இல்லேன்னா இந்த ஆப் வேலையையே வெளிக் கம்பெனிக்குக் குடுத்துடுவேன். அப்புறம் உங்களுக்கு இங்க வேலை இல்லைம்மா."

அவள் கணவர் முதுகுவலியில் படுத்த படுக்கை. வீடு ஓடுவதே அவள் சம்பளத்தில்தான்.

காலையில் லிங்க்கை அனுப்பினாள். மதியம்வரை ஒரு ஈ காக்காய்கூடத் தொடவில்லை. அப்போது மெக்கானிக் சுருட்டை போன் செய்தான், ஏதோ கோட்டையைப் பிடித்துவிட்ட குரலில்.

"அக்கா, எவனோ உங்க பேர்ல லிங்க் அனுப்புறான்! தொடாதீங்கடான்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

"அடப்பாவி! அனுப்புனதே நான்தான்டா!"

"அக்கா போனையும் பிடிச்சுட்டியா? குரலைக்கூட போலியா செய்வாங்கன்னு அக்கா சொல்லியிருக்காங்க. போனை வைய்யா!"

தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. சொன்ன பேச்சைக் கேட்கிறார்களே பாவிகள் என்று பெருமை வேறு. கணவரிடம் போனில் புலம்பினாள்.

"எல்லாரையும் நல்லா பயமுறுத்தி வச்சிருக்கே! நேர்ல போய் நில்லு. மூஞ்சியைப் பார்த்தா நம்பிட்டுப் போறாங்க" என்றார் அவர்.

வேலை முடிந்ததும் சாமான் பெட்டியை ஒப்படைக்க எல்லோரும் ஷெட்டுக்கு வந்தாக வேண்டும். அதன் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். சுருட்டைதான் முதல் ஆள். அவளைப் பார்த்ததும் அசடு வழியப் போனை நீட்டினான். பின்னாலேயே வரிசை தெருவரை நீண்டது.

மேனேஜர் இறங்கி வந்தார். "ஒரு லிங்க்கை அழுத்தறதுக்கு உங்களுக்கு என்னப்பா கேடு? இதுக்குத்தான் வெளிக் கம்பெனிக்குக் குடுத்துடுவேன்னு சொன்னேன்."

"அக்கா முகத்தைப் பார்க்காம தொடமாட்டோம் சார். நாளைக்கு வெளிக் கம்பெனி அனுப்பினாலும் இதே கதைதான்" என்றான் சுருட்டை.

மேனேஜர் வரிசையை ஒரு நோட்டம் விட்டார். "சரிம்மா, வெளிக் கம்பெனிப் பேச்சை விடுங்க. நீங்களே பார்த்துக்குங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, தன் போனை எடுத்தார். "எனக்கும் ஏத்திக் குடுத்துடுங்க. காலையிலேர்ந்து தொட பயமா இருந்துச்சு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வரிசையில வாங்க சார்" என்றாள்.