முதல் சிரிப்பு

பஸ் பணிமனை வெல்டருக்கு நெருப்புப் பொறியென்றால் தூசு. மைக்கைக் கண்டால்தான் நடுக்கம். தொழிற்சங்கக் கூட்டத்தில் முதல்முறை பேச ஏறி "எல்லாருக்கும் நன்றி" என்று ஆரம்பித்தவர், அத்தோடு இறங்கிவிட்டார்.

அங்கேயே பெயிண்டராக இருந்த மைத்துனன்தான் வழி சொன்னான். "உங்க கூத்தை நீங்களே சொல்லிச் சிரிக்க வைங்க மாமா, பயம் தானா ஓடிடும். முதல் சிரிப்பு என் பொறுப்பு."

சொன்னபடியே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து 'கெக்கே' என்று ஆரம்பித்து வைப்பான். கூட்டம் முழுக்கத் தொற்றிக்கொள்ளும். போகப்போக, வெல்டர் பேசினால் சாப்பாட்டு மணி அடித்தாலும் ஆள் நகராது என்றானது.

அந்தத் தைரியத்தில் சங்கத் தலைவர் பதவிக்கு நின்றார். தேர்தல் கூட்டத்தில் அதே 'நன்றி' கதையைச் சொல்லிவிட்டுச் சிரிப்புக்காகக் காத்திருந்தார். ஒரு சத்தமும் இல்லை. மைத்துனன் குனிந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். வெல்டர் முகத்தில் ஈயாடவில்லை. மீதிப் பேச்சை விழுங்கிக்கொண்டு இறங்கினார்.

எதிர்த்து நின்ற ஸ்டோர்கீப்பர் ஏறினார். "அன்னைக்கு நன்றியாவது சொன்னாரு. இன்னைக்கு அதுவும் இல்ல!"

'கெக்கே' என்று முதல் சிரிப்பு மூன்றாவது வரிசையிலிருந்து கிளம்பியது.

வெல்டர் அவனை வாசலில் மடக்கினார். "கூட இருந்தே குழி பறிச்சிட்டியேடா!"

"ஸ்டோர்ல உக்காந்து பாக்குற வேலை தர்றேன்னாரு மாமா. உங்களுக்குச் சிரிக்கக் கூடாதுன்னு மட்டும்தான் பேச்சு," என்றான் மைத்துனன். "அவருக்குச் சிரிக்கச் சொல்லி யாரும் கேக்கல. அது தானா வந்துச்சு."