பிரஷர் பார்க்கத் தெரியாதவள்

சமையலறைக் குழாயில் தொங்கிய துணி மூட்டையைச் செலின் வெடுக்கென்று அவிழ்த்தாள். முந்தின இரவு கட்டிவிட்ட தயிர், தண்ணீரெல்லாம் வடிந்து வெண்ணெய் போல இறுகியிருந்தது. உப்பும் நசுக்கிய பூண்டும் பொடியாக அரிந்த புதினாவும் போட்டு, யார் மேலோ இருந்த ஆத்திரத்தை அதன்மேல் காட்டிப் பிசைந்தாள்.

மகள் ஜெனிட்டாவைப் பெண் பார்க்கச் சீர்காழியிலிருந்து வந்தவர்கள் கூடத்தில் இருந்தார்கள். "நர்ஸா இருந்தேன்னே சொல்லு" என்று அண்ணன் சவரிராஜ் காலையிலேயே சொல்லிவைத்திருந்தார். குவைத்தில் ஒரு வீட்டு அடுப்படியில் பன்னிரண்டு ஆண்டுகள் வெந்து அவள் கட்டிய வீடு இது. இதில் உட்கார்ந்துகொண்டே அந்த வேலையைச் சொல்ல அவருக்குக் கூசியது.

ரொட்டியில் தடவிக் கொடுத்ததை மாப்பிள்ளையின் அம்மா ருசித்துச் சாப்பிட்டாள்.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

அண்ணன் முந்திக்கொண்டார். "டிவில பாத்ததுங்க. தங்கச்சி குவைத்துல பெரிய ஆஸ்பத்திரில நர்ஸு."

"அப்படியா? எனக்கு ரெண்டு நாளா தலை கிறுகிறுன்னு வருது. பிரஷர் பாத்துச் சொல்லுங்களேன்." அந்த அம்மா வளையலை மேலே ஏற்றிவிட்டுக் கையை நீட்டினாள்.

நீட்டிய கையில் செலின் இன்னொரு ரொட்டியை வைத்தாள்.

"எனக்கு பிரஷர் பாக்கத் தெரியாதுங்க. குவைத்துல ஒரு வீட்டுல சமையல்காரியா இருந்தேன். இதையும் அங்கதான் கத்துக்கிட்டேன்."

பிறகு சவரிராஜ் பக்கம் திரும்பினாள்.

"அசிங்கமா இருந்தா, அண்ணே, என் வீட்டுக்கு வெளியில போயி நில்லுங்க."