காக்கா கட்டாமல் போன மேல் இறக்கை

என் காக்கா சிங்கப்பூரில் காய்ச்சலில் மவுத்தாகிவிட்டார். எனக்கு ஒரே அண்ணன். தந்தி எங்கள் கைக்கு வந்து சேர்வதற்குள் அங்கேயே அடக்கிவிட்டார்கள். அவர் கையால் செய்தது என்று வீட்டில் மிஞ்சியது ஒரு சின்ன விமானம்தான்.

போன விடுப்புக்கு வந்தபோது அதைக் கொண்டுவந்திருந்தார். ரேடியோவில் ஓடுகிற விமானம். விளக்கெண்ணெய் வாடையடிக்கும் குட்டி இன்ஜின், வயிற்றுக்குள் ரேடியோவும் பேட்டரியும். நம் கையில் ஒரு பெட்டி இருக்கும், அதன் பித்தானை அமுக்கினால் வால் திரும்பும். கடற்கரையில் பறக்கவிட்டார். கனம் தாங்காமல் கொஞ்ச தூரம் போய் மணலில் குத்தியது. பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காக்கா சிரித்துக்கொண்டே, “ஒத்த றெக்க பத்தல தங்கச்சி. மேல இன்னொண்ணு கட்டுனா பைய மெதக்கும். அடுத்த தடவ வந்து கட்டுறேன்” என்றார். அந்த அடுத்த தடவை வரவே இல்லை.

வாப்பா கொழும்புக்குப் பாய்த்தோணி ஓட்டிய தண்டேல். தந்திக்குப் பிறகு தோணிப் பக்கமே போகாமல் முற்றத்தில் உட்கார்ந்தபடி இருந்தார். ஒருநாள் திடீரென்று, “அந்த மேல் றெக்கைய நாமளே கட்டிப்புடுவோம்” என்றார்.

உம்மாவுக்கு வந்ததே கோபம்! “எம்புள்ள தொட்ட மரம் அது. ஒடஞ்சா திரும்பச் செய்ய அவன் வருவானா? அப்புடியே கெடக்கட்டும்.”

“பறக்கத்தானே செஞ்சான்? பரண்ல கெடக்கவா செஞ்சான்?”

உம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் பக்கம் நியாயம் இருந்தும் நான் வாப்பாவோடு சேர்ந்துகொண்டேன்.

இராமநாதபுரத்தில் பட்டத்தாள் வாங்கினோம். வாப்பா மூங்கிலைச் சீவி, கீழ் இறக்கையை அளவு வைத்து மேல் இறக்கை செய்தார். நான் மைதாப் பசை காய்ச்சி ஒட்டினேன். இரண்டு இறக்கைக்கும் நடுவே மூங்கில் கால்களை நிறுத்தி, அவை ஆடாதபடி தூண்டில் நரம்பைக் குறுக்கே இழுத்து, பாய்மரத்துக்குப் போடுகிற முடிச்சையே போட்டார். அந்த நாட்களில் சோற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதைப் பார்க்க எனக்கு அழுகையே வந்தது.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசிய ஒரு காலையில் கடற்கரைக்குப் போனோம். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் வாப்பா பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

“வாப்பா, காக்கா காத்துக்கு எதுத்துல்ல ஓடுனாங்க?”

“அதான் அவனுக்கு விழுந்துச்சு. எதுர்காத்துல எவனாச்சும் பாய் விரிப்பானா? பின்காத்து அள்ளிக்கிட்டுப் போவும் பாரு.”

கடலையே கரைத்துக் குடித்த மனுஷர் சொல்கிறார், நான் என்னத்தைக் கண்டேன்? விமானம் எதிர்காற்றில்தான் எழும்பும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். வாப்பாவிடம் சொல்லவில்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது?

பிஸ்மி சொல்லி எறிந்தார். கையை விட்டதும் தலைகுப்புறப் போய் மணலில் அடித்தது. நான் பைத்தியக்காரி மாதிரி பித்தானை அமுக்கிக்கொண்டே நின்றேன். மேல் இறக்கை கிழிந்து பறந்தது. காக்கா செய்த கீழ் இறக்கை இரண்டாக முறிந்து கிடந்தது.

வரமாட்டேன் என்ற உம்மா எப்போது வந்தாளோ, எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தாள். துண்டுகளை முந்தானையில் பொறுக்கினாள். பொறுக்கி முடித்துத்தான் வாப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“சிங்கப்பூருக்குப் போமாட்டேன், போமாட்டேன்னு எம்புள்ள என் மடியில படுத்து அழுதான். நல்ல காத்து அடிக்குது, போயிட்டு வாடான்னு அவனையும் இப்புடித்தான் அனுப்புனிய.”

வாப்பா சண்டைக்கு வரப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மணலில் அப்படியே உட்கார்ந்தார்.

“ஆமா புள்ள. நாந்தான் அனுப்புனேன்” என்றார்.